வாளியும் மக்கும் எங்கே போச்சு?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காலைக் குளியல் லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு வாளி வெந்நீர், ஒரு மக், உட்கார ஒரு ஸ்டூல். 74 வயதாகும் என் அம்மாவுக்கு இவ்வளவுதான் தேவை.

பல ஊர்களில் கிளை உள்ள ஒரு ஹோட்டலில்தான் நாங்கள் வழக்கமாகத் தங்குவோம். இந்த முறை போனால், அடையாளமே தெரியவில்லை. "முழுசா ரெனவேட் பண்ணிட்டோம் மேடம்" என்றார் ரிசப்ஷன் தம்பி, பெருமையாக.

மெத்தை அருமை, பொய் சொல்லக் கூடாது. ஆனால், அலமாரி இருந்த இடத்தில் நாலு கொக்கிகள். ஸ்வெட்டர், சால்வை, குல்லா எல்லாம் நாற்காலி மேல் மலையாகக் குவிந்தன. எழுதும் மேசை போய், இரண்டு காபி டம்ளர் வைத்தாலே நிறைந்துவிடும் குட்டி டேபிள். எல்லாவற்றுக்கும் மேலாக, குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர்! உள்ளே வெளிச்சம் வருமாம். தேனிலவு ஜோடிக்குச் சரி. மாப்பிள்ளை அதே அறையில் இருக்கும்போது மாமியார் எப்படிக் குளிப்பார்? என் கணவர் பேரனைக் கூட்டிக்கொண்டு தினமும் காலையில் லாபியில் போய் உட்கார்ந்தார்.

சுவரில் மாட்டிய பெரிய ஷாம்பு பாட்டில்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 2019-ல் மேரியட் நிறுவனம் குட்டி பாட்டில்களை நிறுத்துவதாக அறிவித்தபோது, ஆண்டுக்கு சுமார் 50 கோடி பாட்டில்கள் குப்பைக்குப் போகாது என்று சொன்னது. கலிபோர்னியாவில் 50 அறைகளுக்கு மேல் உள்ள ஹோட்டல்களுக்கு 2023 முதல் இது சட்டம். நீலகிரியில் பிளாஸ்டிக் கெடுபிடி நமக்கே தெரியும். நல்ல மாற்றம்தான். அதற்காக எது ஷாம்பு, எது லோஷன் என்பதை ஆங்கிலத்தில், எறும்பு சைஸ் எழுத்திலா போடுவது? "என்னடி, நுரையே வரல?" என்று உள்ளிருந்து அம்மா குரல்.

வாளியை எடுத்ததற்கு மட்டும் காரணமே புரியவில்லை. நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 90 லிட்டர் காலி. அம்மாவின் குளியல் இரண்டே வாளியில் முடிந்துவிடும். வழுவழு டைல்ஸில், பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லாமல், அவரை எப்படி நிற்க வைப்பது? அறை சுத்தம் செய்ய வந்த அக்காதான் ஸ்டோரிலிருந்து ஒரு வாளியும் ஸ்டூலும் கொண்டுவந்தார். "வயசானவங்க எல்லாரும் கேக்குறாங்கம்மா. நாங்க சொன்னா யார் கேக்குறா?"

இப்போதெல்லாம் புக் செய்யும் முன் போனில் கேட்டுவிடுகிறேன்: வாளி உண்டா, பிடிக்கக் கம்பி உண்டா, பாத்ரூம் சுவர் சிமென்ட்டா, கண்ணாடியா? எத்தனை ஸ்டார் என்பதெல்லாம் அப்புறம்தான்.