அவலாஞ்சியின் டிரவுட்டும் அதற்கு முந்தைய மீன்களும்

உதகையிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சிக்குப் போகும் சாலையில், தேயிலையும் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களும் முடிகிற இடத்தில்தான் மலை தன் பழைய உருவத்தைக் காட்டத் தொடங்குகிறது. மேட்டிலெல்லாம் புல்வெளி, இரண்டு மேடுகள் சேரும் இடுக்குகளில் கரும்பச்சையாகச் சோலைக்காடு, ஒவ்வொரு சோலையின் அடியிலிருந்தும் கசிந்து இறங்கும் ஓர் ஓடை. கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே, மர நிழலிலேயே ஓடுவதால் இந்தத் தண்ணீர் கோடையிலும் குளிர்ச்சி குறைவதில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்குரிய வானவில் டிரவுட், நூறாண்டுக்கும் மேலாக இங்கே வாழ்வதற்கு அந்தக் குளிர்ச்சியே காரணம். அதைச் செயற்கை ஈயால் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங்கும் அதே அளவு பழைமையோடு இந்த மலையில் வேர்விட்டிருக்கிறது. இந்தக் கலையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த மதிப்பினாலேயே சொல்கிறேன்: மேல் நீலகிரியின் சோலை ஓடைகளில் டிரவுட் குஞ்சு விடும் வழக்கம் இனி தொடரக் கூடாது. அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் தூண்டில்காரர்களே.

ஏன் அவர்கள் என்பதற்கு, இந்தத் தூண்டில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். நம் குளத்துத் தூண்டிலில் மண்புழு இருக்கும், ஈயக்குண்டு இருக்கும். எறிந்துவிட்டுத் தக்கையைப் பார்த்துக் காத்திருக்கலாம். ஃபிளை ஃபிஷிங்கில் கொக்கியில் கட்டியிருப்பது கொஞ்சம் இறகும் நூலும்தான். அதற்கு எடையே இல்லை. எடை முழுவதும் தடித்த கயிற்றில் இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசி, கயிற்றைக் காற்றில் விரித்து, அதன் நுனியில் இருக்கும் ஈயைத் தண்ணீரின்மேல் மெல்ல இறக்க வேண்டும். அது உண்மையான பூச்சி என்று மீன் நம்ப வேண்டுமானால், அன்றைக்கு அந்த ஓடையில் எந்தப் பூச்சி எழும்புகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தேர்ந்த தூண்டில்காரர் முதலில் மீனைத் தேடுவதில்லை. தண்ணீருக்குள் கல்லைப் புரட்டிப் பார்க்கிறார். கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மேஃபிளையின் இளம்பருவம், மணலையும் குச்சியையும் கோத்துக் கூடு கட்டி அதற்குள் வாழும் கேடிஸ் புழு, இவற்றின் அளவும் நிறமும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்தே தலையை வைத்திருக்கும். வேகமான நீருக்கும் மெதுவான நீருக்கும் நடுவில், கல்லின் நிழலில், அதிகம் உழைக்காமல் இரை வந்து சேரும் இடத்தில் நிற்கும். அந்த இடத்தைக் கரையிலிருந்தே கண்டுகொள்வதுதான் இந்தக் கலையில் பாதிக்கு மேல். ஓர் ஓடையை இவ்வளவு நெருக்கமாகப் படிக்கச் செய்யும் பொழுதுபோக்கு வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படிப் படிப்பவர்களுக்கு, அந்த ஓடையில் என்ன குறைகிறது என்பதும் கண்ணில் பட வேண்டும் அல்லவா?

டிரவுட் இங்கே தானாக வரவில்லை. சென்னை ராணுவ மருத்துவப் பணியில் இருந்த பிரான்சிஸ் டே 1863-இல் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். வெப்பமான கடல் வழியில் அவை பிழைக்கவில்லை. மறு ஆண்டே, பனிக்கட்டிக்கு நடுவில் பாசியில் பொதிந்து அனுப்பிய முட்டைகள் நார்ஃபோக் என்ற கப்பலில் டாஸ்மேனியாவுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து நியூசிலாந்துக்கும் பரவின. நீலகிரிக்கு மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. எச்.சி.வில்சன் என்ற மீன்வளர்ப்பு நிபுணரின் உழைப்பில், அந்தப் பத்தாண்டின் முடிவில் வானவில் டிரவுட் இங்கே நிலைத்தது. பெருங்கடல்களைத் தாண்டி ஒரு மீனைக் குடியேற்றிய அந்த விடாமுயற்சியைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த முயற்சிக்கு அடிப்படையாக இருந்த எண்ணம், இந்த ஓடைகள் வெறுமையாகக் கிடக்கின்றன என்பது. தூண்டிலில் சிக்கிப் போராடக்கூடிய மீன் இல்லாத நீர் அவர்களுக்கு வெற்று நீர். இந்தப் புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்கள் மரபாக மீன் உண்ணாதவர்கள் என்பதால், ஓடையில் என்ன இருக்கிறது என்று மீன் கணக்காகச் சொல்லவும் ஆளில்லை.

ஓடைகள் வெறுமையாக இல்லை. இதற்கான முதல் சான்றைத் தந்தவரே பிரான்சிஸ் டேதான். நீலகிரியின் நீர்நிலைகளில் மட்டும் வாழும் விரல் நீள டேனியோ மீன் ஒன்றை 1867-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். நீலகிரியின் பெயரையே அதற்கு வைத்தார். வெள்ளிப் பளபளப்போடு கூட்டமாகத் திரியும் அந்தச் சிறு மீன் இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றோடு நிற்கிறது. மீன்களோடு கணக்கு முடிவதில்லை. சோலை ஓரத்து மரத்தவளைகளில் சில, தலைப்பிரட்டைப் பருவம் முழுவதையும் இந்த ஓடைகளின் குட்டைகளில் கழிக்கின்றன, இராத்தவளைகளும் அப்படியே. நண்டுகள் உண்டு, நீர்ப்பூச்சிகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே உலகில் வேறெங்கும் இல்லாதவை இவற்றில் பல. கண்ணால் பார்த்துத் துரத்தி விழுங்கும் பெரிய வேட்டை மீன் இல்லாத நீரில் நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை இவை.

அப்படிப்பட்ட நீரில் டிரவுட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை; பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையின் உச்சி ஏரிகளில் இயற்கையாக மீனே கிடையாது. தூண்டில்காரர்களுக்காக அங்கே டிரவுட் விட்டார்கள். அந்த மலைக்குரிய மஞ்சள் கால் தவளையின் தலைப்பிரட்டை, தவளையாக முதிர ஒரு வருடத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். அத்தனை காலமும் டிரவுட்டின் வாய்க்குத் தப்ப வேண்டும். ஏரி ஏரியாகத் தவளைகள் மறைந்தன. வான்ஸ் விரிடன்பர்க் என்ற ஆய்வாளர் சில ஏரிகளிலிருந்து டிரவுட்டை முற்றிலும் அகற்றிப் பார்த்தார். தவளைகள் வேகமாகப் பெருகின. 2004-இல் அந்த முடிவு வெளியானது. நோய், பருவநிலை என்று தவளைகளுக்கு வேறு எதிரிகளும் உண்டு. ஆனால் டிரவுட்டை எடுத்ததும் மீண்டன என்பது, மீனின் பங்கை ஐயமின்றிக் காட்டிவிட்டது. நியூசிலாந்தின் சான்று தூண்டில்காரர்களை இன்னும் நேராகத் தொடும். அங்குள்ள சிறு கலாக்ஸியாஸ் மீன்கள், டிரவுட் ஏற முடியாத அருவிகளுக்கு மேலே பல இடங்களில் ஒதுங்கிப்போயின. கொலின் டவுன்சென்டும் அவருடைய சகாக்களும் கண்டது என்னவென்றால், டிரவுட் உள்ள ஓடைகளில் மேஃபிளையின் இளம்பருவங்கள் பகலில் கல்லுக்கடியிலேயே பதுங்கிக்கொள்கின்றன. மேய்ச்சல் குறைவதால் கல்மேல் பாசி தடிக்கிறது. ஒரு மீனின் வருகை, கல்லின் நிறம்வரை ஓடையை மாற்றிவிடுகிறது. உலகின் மிகத் தீங்கான நூறு அந்நிய உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் வானவில் டிரவுட், பழுப்பு டிரவுட் இரண்டுமே இருப்பதில் வியப்பில்லை.

நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதே, டிரவுட் இப்போது நீலகிரியின் மீன்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உருளைக்கிழங்கும் தேயிலையும் நம்முடையவை ஆகவில்லையா என்பார்கள். வயலில் நிற்கும் பயிர் வயலோடு நிற்கிறது. ஓடையில் விட்ட மீன் அப்படி நிற்பதில்லை. தவிர, காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தைத் தமிழக அரசே நிலத்தில் ஏற்கவில்லை. வாட்டிலும் யூகலிப்டஸும் ஸ்காட்ச் புரூமும் டிரவுட்டுக்கு முன்பே இந்த மலைக்கு வந்தவை. அவற்றை அகற்றிப் புல்வெளியை மீட்க வேண்டும் என்று 2022-இல் தமிழ்நாடு கொள்கை வகுத்திருக்கிறது. அதே பள்ளத்தாக்கில், கரையில் அந்நியச் செடியைப் பிடுங்கிக்கொண்டு, தண்ணீரில் அந்நிய மீனைப் பொரித்து விடுவது ஒன்றோடொன்று பொருந்தாது. இந்தக் குஞ்சுகள் இல்லாவிட்டால் தூண்டில் மரபே அழியும் என்ற அச்சத்துக்கும் வலுவில்லை. டிரவுட் ஓடையில் தானே முட்டையிட்டுப் பெருகுமானால் பண்ணைக் குஞ்சு தேவையில்லை. பெருகாதென்றால், ஆண்டுதோறும் வண்டியில் கொண்டுவந்து கொட்டும் மீனை மறுபடி பிடிப்பதில் கற்க என்ன இருக்கிறது? அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் டிக் வின்சென்ட் என்ற மீன்வள அலுவலர், மேடிசன் ஆற்றில் பண்ணை மீன் விடுவதை நிறுத்திப் பார்த்தபோது ஆற்றில் பிறந்த டிரவுட் பெருகியது. 1974-இல் அந்த மாநிலம், டிரவுட் தானே பெருகும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதையே கைவிட்டது. இன்று உலகெங்குமிருந்து தூண்டில்காரர்கள் தேடிப் போகும் ஊர் அதுதான்.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ஓடையை நேசிக்கும் மனிதர்கள் இல்லாமல் ஓடை பிழைக்காது. தூண்டில்காரரை விரட்டிவிட்டால் காவலரும் போய்விடுவார் என்பது. இதில் உண்மை உண்டு. அடுத்த மாநிலத்தின் இரவிக்குளத்தில் வரையாடு பிழைத்ததற்கு, அந்த நிலத்தை வேட்டைக்கும் தூண்டிலுக்குமாகப் பேணிய தோட்டக்காரர்களின் சங்கம் ஒரு காரணம். 1978-இல் அது தேசியப் பூங்கா ஆனபோது, பாதுகாக்க ஆடுகள் மிஞ்சியிருந்தன. ஆனால் தூண்டில்காரரின் அன்பு மட்டும் போதாது என்பதைக் காவிரி காட்டியது. நீலகிரியின் பைக்காரா ஆற்று நீர்தான் மாயாறாகி, பவானியில் கலந்து, காவிரியை அடைகிறது. அந்த ஆற்றுத் தொகுதிக்கே உரிய பெரும் மீன் திமில் மகசீர். தூண்டில்காரர்களுக்கும் மீன் பெருக்கத்துக்கும் நல்லது என்று நம்பி, லோனாவாலா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மகசீரைக் காவிரியில் விட்டார்கள். காவிரிக் கரையின் கலிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட மீன்களின் பதிவேட்டை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, வந்த மீன் பெருக, சொந்த மீன் அருகிப்போனது தெரிந்தது. திமில் மகசீரின் அறிவியல் அடையாளம் உறுதியானதே 2018-இல்தான். இன்று அது மிகக் கடுமையான அழிவு ஆபத்தில் இருக்கிறது. தூண்டில் பதிவேடு இல்லையென்றால் இந்த இழப்பு கணக்கிலேயே வந்திருக்காது. தூண்டில்காரர் காவலராக முடியும் என்பதற்கு அதுவே சான்று. கூடவே, எந்த மீனுக்குக் காவல் என்று அவர் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதற்கும்.

அணைகளும் பூச்சிமருந்தும் செய்த கேட்டை விட்டுவிட்டு டிரவுட்டைக் குறை சொல்வதா என்றும் கேட்கலாம். பைக்காராவில் 1932-இலிருந்து மின்சாரம் எடுக்கிறோம். 1950-களின் நடுவில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டம் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று பள்ளத்தாக்குகளையே மூழ்கடித்தது. டிரவுட்டைவிட அந்தக் கேடு பெரியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கீழே அணையும் தோட்ட மருந்தும் நெருக்குவதால்தான், மேலே சோலைக்குள் மிஞ்சியிருக்கும் கொஞ்ச ஓடைகள் சொந்த உயிர்களுக்குக் கடைசிப் புகலிடமாகின்றன. நீர்நாய் டிரவுட்டைத் தின்று வாழ்கிறதே என்ற கவலைக்கும் பதில் உண்டு: இந்த மீன் வருமுன்னும் நீர்நாய் இங்கே இருந்தது, மலை ஓடைகளில் வாழும் சிறு நீர்நாய்க்கு நண்டுதான் முதன்மை இரை.

டிரவுட்டை நீலகிரியிலிருந்தே துடைத்தெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது முடியவும் முடியாது. மனிதன் உண்டாக்கிய நீர்த்தேக்கத்தில் மனிதன் விட்ட மீனுக்கு இடம் கொடுக்கலாம், ஒரு கட்டுப்பாட்டோடு: நீர்த்தேக்கத்து டிரவுட் முட்டையிட ஓடைகளில் ஏறும் இயல்புடையது. அதனால் இனப்பெருக்கம் செய்ய முடியாத மலட்டு மீனை மட்டுமே விட வேண்டும். முட்டையை வெப்பத்துக்கோ அழுத்தத்துக்கோ உட்படுத்தி அப்படி ஆக்கும் முறை உலகப் பண்ணைகளில் பழகியதுதான். பழுப்பு டிரவுட்டின் சொந்த மண்ணான இங்கிலாந்திலேயே 2015 முதல் ஆறுகளில் விடும் பழுப்பு டிரவுட் மலட்டு மீனாக இருக்க வேண்டும், அல்லது அந்த ஆற்றின் சொந்த மீனிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் டிரவுட் பிடிப்பவர்கள், அதைத் திரும்ப விடாமல் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமைக்கட்டும். பிடித்து விடும் நல்ல பழக்கம் சொந்த மீனுக்கு உரியது.

மீன்வளத் துறையும் வனத்துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி நிற்கிறது. முக்குருத்தியிலிருந்து மேல்பவானி வரை ஒவ்வோர் ஓடையிலும் எந்த மீன், எந்தத் தவளை, எந்தப் பூச்சி இருக்கிறது என்று பட்டியல் எடுப்பது. கல்லைப் புரட்டத் தெரிந்த தூண்டில்காரர்கள் இதற்கு முன்வர வேண்டும்; அவர்களைவிடத் தகுதியான ஆட்கள் கிடைப்பது அரிது. அந்தப் பட்டியல் தயாராகும்வரை அவலாஞ்சியில் பொரிக்கும் குஞ்சுகள் பண்ணைத் தொட்டிகளைத் தாண்டக் கூடாது.