அப்பா கரையிலிருக்கும் நாட்கள்

தாய் தந்தையரின் அருமை அவர்கள் மறைந்த பிறகே தெரியும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் அது உண்மைதான் என்று தோன்றும். செவ்வந்தி மாலைகள் என்ன, மெழுகுவர்த்திகள் என்ன, புதிதாக வெள்ளையடித்த கல்லறைகள் என்ன! இறந்தோரை நினைப்பது நல்லதே. ஆயினும் அந்தப் பூவில் ஒரு முழமாவது, மீன் கூடை சுமந்து நடந்த காலத்தில் அந்த அம்மாவுக்குக் கிடைத்திருக்குமா?

கடற்கரைப் பிள்ளைகளாகிய நமக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அப்பாவை நாம் பார்ப்பதே அரிது. தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலையில் புறப்பட்டு இரவில் திரும்புகின்றன. அவர் போகும்போது நாம் உறக்கத்தில் இருப்போம். வரும்போது பாடப் புத்தகத்தின்மேல் தலை சாய்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையோ பூசை, கலியாண வீடு, துட்டி வீடு என்று ஓடிவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்கவே வந்ததுபோல் இருக்கிறது மீன்பிடித் தடைக்காலம். மீன்வளம் பெருகுவதற்காகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. முன்பு இது 45 நாட்களாக இருந்தது. வருமானம் நின்றுபோகும் நாட்கள் அவை. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போவதும் அப்போதுதான். ஆனால் நமக்கும் அதே மே மாதத்தில்தானே விடுமுறை! துறைமுகத்தில் படகு வேலை போக மீதி நேரம் அப்பா முற்றத்தில் அமர்ந்திருக்கிறார்.

அருகில் போய் உட்கார்ந்து கேட்டுப் பார்ப்போமே. வாடைக்காற்றில் கடல் எப்படியிருக்கும், கொண்டலில் எப்படி மாறும், எத்தனை வயதில் முதன்முதல் கடலுக்குப் போனார், எந்த வகுப்போடு படிப்பை விட்டார், யாருக்காக விட்டார்? கடைசிக் கேள்விக்கு அப்பாவிடமிருந்து பதில் வராது. அம்மாதான் அடுக்களையிலிருந்து சொல்வார்: "தங்கச்சிமாரைக் கரையேத்தணும்லா!" நம்மை இடுப்பில் தூக்கி வளர்த்த அத்தைமாரின் தாலிக்கொடிகளில் அப்பாவின் பள்ளிக்கூடம் இருக்கிறது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியது. கடலுக்குப் போயிருந்த எத்தனையோ தந்தையர் திரும்பவேயில்லை; பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்று நம் வயதிலிருந்த அவர்களுடைய பிள்ளைகள் சிலருக்கு நவம்பர் 2இல் பூ வைப்பதற்கும் ஒரு கல்லறை இல்லை.

அம்மாவை மறந்துவிட்டோமென்று எண்ண வேண்டாம். எப்போதும் வீட்டில் இருப்பதாலேயே அவர் நம் கண்ணில் படுவதில்லை. அப்பா வீட்டிலிருந்தால் அவருக்கு வேலை இரட்டிப்பாகிறது. இந்த விடுமுறையில் ஒரு நாள் அடுக்களையை நாம் ஏற்றுக்கொண்டு, இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சோறு போடலாம். குழம்புக்கு மீன் கிடைக்கும்; நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. உப்புக் கூடிப்போனாலும் அப்பா வாய் திறக்கமாட்டார். அம்மா சொல்லிவிடுவார்.