தீவு ஆலயத்தின் மணியோசை

ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில் பணிபுரியும் எங்கள் மகனைக் காண, 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்றிருந்தோம். ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்ட அவன், ஸ்லொவேனியா நாட்டிலுள்ள பிளெட் ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பேசி வைத்திருந்தான். ஆஸ்திரியாவைக் கடந்து, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள கரவாங்கன் மலைச் சுரங்கப் பாதையினுள் நுழைந்தோம். வெளிவந்தபோது ஸ்லொவேனிய மண்ணில் இருந்தோம். அச்சுரங்கம் திறக்கப்பட்டதும், அந்நாடு யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து விடுதலை அறிவித்ததும் ஒரே ஆண்டில்தான், 1991இல்.

பனியாறுகள் அகழ்ந்த பள்ளத்தில் உருவானது அவ்வேரி. நீளம் சுமார் 2 கிலோமீட்டர். ஆழம் மிகுந்த இடத்தில் 30 மீட்டர். கரையோரமாகவே நடந்தால் 6 கிலோமீட்டரில் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவிடலாம். செங்குத்தான பாறையின்மேல் ஒரு கோட்டை; 1011ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதன் பெயர் காணப்படுகிறதாம். ஏரியின் நடுவே ஒரு சிறு தீவு. தீவின்மேல் விண்ணேற்பு அன்னையின் ஆலயம்.

நாங்கள் தங்கியது ஒரு வீட்டின் மாடிப்பகுதி. கீழே உரிமையாளரான முதிய கைம்பெண் வாழ்ந்து வந்தார். சமையலறை இருந்தமையால் ஊரிலிருந்து கொண்டுசென்ற குழம்புப் பொடியும் கருவாடும் பயன்பட்டன. கருவாட்டின் மணம் கீழ்வீட்டை எட்டுமோ என்று மருமகள் அஞ்சினாள். அம்மூதாட்டியோ, மறுநாள் தம் தோட்டத்துச் செர்ரிப் பழங்களைக் கிண்ணம் நிறையக் கொணர்ந்து பேத்தியின் கையில் கொடுத்தார்.

முதல் இரண்டு நாளும் விடாத மழை. ஒரே கூரையின்கீழ் அடைபட்டிருந்த அவ்வேளையில்தான், எங்களுக்கும் மகனுக்கும் இடையே நிலவிய மௌனம் எங்களுக்கே பாரமாயிற்று.

அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். மகனை வளர்த்தவர் அவனுடைய ஆச்சி. 2020ஆம் ஆண்டு மே திங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். கொரோனாத் தொற்றினால் வானூர்திகள் நின்றுபோயிருந்த காலம் அது. அடக்கத்திற்கு இருபது பேருக்குமேல் கூடலாகாது என்ற விதியும் இருந்தது. மகன் வர இயலாதென்பதை அறிவு ஏற்றுக்கொண்டது, மனம் ஏற்கவில்லை. ஈராண்டு கழித்து ஊர் வந்தவன், கல்லறையின்முன் கண்ணீரின்றி நின்றுவிட்டுத் திரும்பினான். அதன்பின் ஆச்சியின் பேச்சையே எடுக்கவில்லை. வெளிநாட்டு வாழ்க்கை இவன் நெஞ்சைக் கல்லாக்கிவிட்டது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவனிடம் கேட்கவில்லை.

மழையிடையேயும் தீவு ஆலயத்தின் மணி அவ்வப்போது ஒலித்தது. ஒலிக்கும்போதெல்லாம் மகன் எழுந்து சன்னலைச் சாத்தினான். அதுவும் எங்களுக்குக் குறையாகவே பட்டது.

மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. அடி தட்டையான, துணிக்கூரை வேய்ந்த 'பிளெட்னா' என்னும் படகில் தீவுக்குச் சென்றோம். படகோட்டி பின்புறம் நின்றவாறே இரு துடுப்புகளால் வலித்தார். கரையிறங்கியதும் 99 கற்படிகள். அங்கு திருமணம் செய்வோருள் மணமகன் மணமகளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், உச்சி சேரும்வரை அவள் வாய்பேசலாகாது என்பது வழக்கமாம். எங்களுள் ஒருவருக்கு முழங்கால் வலி. மகன் தோள் கொடுத்தான். நாங்களும் பேசாமல் ஏறினோம்.

அம்மணியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தி, தன்னிடமிருந்த பொன்னையும் வெள்ளியையும் உருக்கி ஒரு மணி வார்ப்பித்தாள். கொண்டுசெல்லும் வழியில் புயலில் படகு கவிழ, மணி ஏரியினுள் மூழ்கியது. அவள் உரோமைக்குச் சென்று துறவியானாள். அவள் மறைந்தபின் திருத்தந்தை வேறொரு மணியை அனுப்பினார் என்பர். இன்றுள்ள மணி 1534இல் பாதுவா நகர வார்ப்பாளர் செய்தது. வேண்டிக்கொண்டு கயிற்றை இழுத்து மணியடிப்போரின் விருப்பம் நிறைவேறும் என்பது மக்கள் நம்பிக்கை.

பேத்தி ஆவலுடன் இழுத்தாள். நாங்களும் இழுத்தோம். மகன் மட்டும் வெளியே சென்று சுவரோரம் நின்றான். பின்தொடர்ந்து சென்று, "ஏன் தம்பி, உனக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லையா?" என்றோம்.

அவன் நெடுநேரம் ஏரியையே நோக்கியிருந்தான். "அன்றைக்கு நம் கோயிலில் துக்கமணி அடித்தபோது, நீங்கள் தொலைபேசியை வைக்க மறந்துவிட்டீர்கள், அம்மா. கடைசி அடிவரை கேட்டேன். பூட்டிய அறையில் தனியாக இருந்தேன். அதன்பின் எந்த மணியையும் கேட்க முடியவில்லை" என்றான். நாற்பது வயது மகன் சிறுபிள்ளையைப் போல் அழுதான்.

எங்களுக்கு நா எழவில்லை. அழுவதற்கு எங்களுக்கு உற்றார் இருபது பேராவது இருந்தனர். அவனுக்கு ஒருவரும் இல்லை. நான்கு ஆண்டுகளாக அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தோம். என்ன நடந்தது என்று ஒருமுறையேனும் வினவவில்லை. "எங்களை மன்னித்துவிடு" என்று பிள்ளையிடம் சொல்வது எளிதன்று, அன்று சொன்னோம்.

மீண்டும் உள்ளே சென்றோம். தன் மகளின் கைமேல் கைவைத்து அவன் கயிற்றை இழுத்தான். அன்றிரவு செபமாலைக்குப்பின், ஆச்சி பனங்கிழங்கு அவித்துக் கொடுத்த கதைகளைப் பேத்திக்கு அவனே சொன்னான். சன்னல் திறந்தே இருந்தது.

அன்பு வாசகர்களே, தொலைவிலிருக்கும் பிள்ளைகளிடம் "சாப்பிட்டாயா?" என்று நாள்தோறும் கேட்கிறோம். "அந்நாளை எப்படித் தாங்கினாய்?" என்றும் ஒருமுறை கேட்போம். அதற்கு ஏரிக்கரைவரை செல்ல வேண்டியதில்லை.