எவ்வளவு விடலாம்

ஃபோர்ட் கொச்சியில் கடற்படையின் பீரங்கிப் பயிற்சிப் பள்ளியான ஐஎன்எஸ் துரோணாச்சாரியா இருக்கிறது. அங்கே சுடுபயிற்சி நடக்கும் நாள்களில் மீனவர்கள் எச்சரிக்கையாக இருக்குமாறு நாளிதழ்களில் அறிவிப்பு வரும். சென்ற மாதம் மட்டாஞ்சேரியில் என் வாடகை அறைக்கு வந்திருந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இங்கேயும் அதேதானா?" என்று சிரித்தார். திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல், அங்கே உருவான 'வித்வன்சக்' துப்பாக்கியைப் பற்றியது.

வித்வன்சக் ஒரு போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி. ஒவ்வொரு தோட்டாவுக்கும் சுடுபவரே போல்ட்டைத் திருப்பி இழுத்துத் தள்ளவேண்டும். அவர் விடுவிக்கும்வரை பூட்டு இறுகியே இருக்கும். தொலைகுறித் துப்பாக்கிகள் இப்பழைய முறையை இன்றும் கைவிடாததற்கு அந்த உறுதியும் ஒரு காரணம். குழல், போல்ட், மேகசின், தொலைநோக்கி ஆகியவற்றை மாற்றினால் ஒரே துப்பாக்கி 12.7, 14.5, 20 மி.மீ. ஆகிய மூன்று வகைத் தோட்டாக்களையும் சுடும். முதலிரண்டுக்கு 1,800 மீட்டர்வரை குறி பிடிக்கலாம். 20 மி.மீ. வடிவத்தின் எடை ஏறத்தாழ 29 கிலோ; இருவர் பிரித்துச் சுமக்க வேண்டிய பாரம்.

இதற்கொரு முன்மாதிரி உண்டு. தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனத்திடமிருந்து இந்தியா என்டிடபிள்யூ-20 துப்பாக்கிகளை வாங்கிவந்தது. தரகுக் குற்றச்சாட்டு எழுந்து 2005இல் அவ்வுறவு முறிந்தது (வழக்கு பிற்பாடு ஆதாரமின்றி மூடப்பட்டது). திருச்சியில் அதே ஆண்டு தொடங்கிய பணியின் சோதனைகள் 2006 இறுதிக்குள் முடிந்தன. எல்லைப் பாதுகாப்புப் படை அதை வாங்கியது. இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆகவே இயலுக்கு நான் இட்ட தலைப்பு: 'ஒரு நகலின் வரலாறு'.

அப்பா அதைப் படித்தார். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் யூதத் தெருவில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு பழம்பொருள் கடையில் பித்தளைக் கப்பல் தொலைநோக்கி ஒன்றைக் கையிலெடுத்து, அதன் மரையை மெல்லத் திருகிப் பார்த்தவர், "புதுசு" என்றார். வெளியே வந்தபின்தான் பேசினார். "ஒரு சாமானை அளந்தா ஒரு நம்பர் கிடைக்கும்டா. அதுல எவ்வளவு விடலாம்னு அந்தச் சாமான் சொல்லாது."

அவர் சொன்னது டாலரன்ஸ். கையிலுள்ள மாதிரியின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளந்துவிடலாம். மூல வரைபடம் அனுமதித்த மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையில் அந்த அளவு எங்கே நிற்கிறது என்பதை எக்கருவியும் காட்டாது. மூன்று தோட்டாக்களுக்கும் அடிப்பாகம் மூன்று அளவு என்பதால் போல்ட்டும் மாறவேண்டும். போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையிலுள்ள இடைவெளி சற்றுக் கூடினால் வெடிக்கும்போது தோட்டாவின் கூடு கிழியலாம். குறைந்தால் போல்ட் மூடாது. பட்டறையில் ஒன்றை அராவிப் பொருத்திவிடலாம். மலையுச்சியில் குழல் மாற்றும் சிப்பாயிடம் அரம் இல்லை. எஃகின் பதமும் அப்படித்தான். உருவத்தைப் பார்த்து அறிய முடியாது. அந்த எல்லைகளையெல்லாம் திருச்சியில் யாரோ மறுபடி தீர்மானித்திருக்க வேண்டும்.

அந்த வேலையில் தாம் கைவைத்தாரா என்று அப்பா சொல்லவில்லை. பணிக்காலத்திலும் வீட்டில் தொழிலைப் பற்றிப் பேசியவரல்லர். நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அடிக்குறிப்பில் எப்படிச் சுட்டுவது? 'நகல்' என்பதை அடித்துவிட்டேன். விளம்பர ஏடுகள் விரும்பும் 'முற்றிலும் சுதேசி' என்பதையும் எழுத மனம் வரவில்லை. தலைப்பில்லாமலே இயல் நெறியாளரிடம் போயிருக்கிறது.

அன்று மாலை வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். அவருடைய வாப்பா துறைமுகத் தொழிலாளி. வேலைக்கான உலோக வில்லைகளைக் கூட்டத்தில் எறிந்து ஆள்களை அடித்துக்கொள்ளவிட்ட 'சாப்பா' முறைக்கு எதிராகப் போராடியவர்கள்மீது, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை சுட்டது. செய்து, செய்தலவி, ஆன்டனி மூவரையும் தியாகிகளாக இவ்வூர் இன்றும் நினைவுகூர்கிறது. வாப்பாவிடம் கேட்டதை அவர் மலையாளத்தில் நெடுநேரம் சொன்னார். அப்பா பெரும்பாலும் புரிந்துகொண்டார்.

பிறகு அவர் அப்பாவிடம், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"இரும்புல துளை போடுற வேலை பாய்" என்றார் அப்பா.