செருப்புகளைக் காத்த சிறுவன்

சென்ற ஆண்டு எங்கள் மதரஸாப் பிள்ளைகளை ஜவ்வாது மலைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஆலங்காயத்திலிருந்து வளைந்தேறும் சாலையில் காவலூர் வானாய்வகத்தைக் கடந்து ஜமுனாமரத்தூரை அடைந்தோம். அருகிலே முழங்காலளவு நீரோடும் ஓடையொன்றில் பிள்ளைகள் ஆரவாரத்துடன் இறங்கினர். ஒரு சிறுவன் மட்டும் கரையில் நின்றான். பிறவியிலேயே இடக்கால் சூம்பியவன்.

“நானும் இறங்கட்டுமா, ஹஜ்ரத்?”

“உனக்கு எதற்கப்பா இந்தச் சிரமம்? எல்லாருடைய செருப்புகளையும் பார்த்துக்கொள்.”

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. நாங்கள் கரையேறியபோது செருப்புகள் அனைத்தும் ஜோடி ஜோடியாக அடுக்கப்பட்டிருந்தன. நான் செய்தது இரக்கமென்றே அன்று எண்ணினேன்.

சில வாரங்களுக்குப் பின், பெங்களூரைச் சேர்ந்த நீச்சல் வீரர் சரத் கெய்க்வாட்டைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. 1991இல் பிறந்த அவருக்கு இடக்கை பிறவியிலேயே முழுமையாக வளரவில்லை. அவர் பயின்ற பள்ளியிலோ நீச்சல் கட்டாயம். பெற்றோர் முதலில் தயங்கினர், ஆயினும் தடுக்கவில்லை. அச்சிறுவன் 2012இல் லண்டன் பாராலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் நீந்தினார். 2014இல் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் ஒரு வெள்ளியும் ஐந்து வெண்கலமுமாக ஆறு பதக்கங்கள் பெற்றார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் பி.டி. உஷா வென்றவை ஐந்து என்பதை நினைத்துப் பாருங்கள்! 2015ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவரைத் தேடி வந்தது.

அவருக்கும் முன்னரே, 1965 போரில் குண்டடிபட்ட இராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றிருக்கிறார். இப்போட்டிகளில் செயற்கைக் கையோ காலோ பூட்டி நீந்த அனுமதியில்லை. அல்லாஹ் அளித்த உடலைக் கொண்டே நீந்த வேண்டும்.

படித்ததும் என் நெஞ்சு சுட்டது. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு இறங்கிய ‘அபஸ’ அத்தியாயத்தை எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! அதே ஸஹாபியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்லவும், தாம் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவில் தமக்குப் பதிலாக இருக்கவும் நியமித்தார்களே! பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும்படி உமர் (ரலி) அவர்கள் கூறியதாக மிம்பரில் முழங்குகிறோம். எந்தப் பிள்ளைகளுக்கு என்று என்றேனும் சிந்தித்தோமா?

பெற்றோர்களே! ஊனமுற்ற பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்ப்பது மட்டும் அன்பாகாது. மருத்துவரிடம் கேளுங்கள், தேர்ந்த பயிற்சியாளரிடம் ஒப்படையுங்கள். பதக்கம் கிடைப்பது நஸீபு. வாய்ப்பைத் தருவது நம் கடமை.

இவ்வாண்டும் அதே ஓடைக்குச் சென்றோம். மூத்த மாணவர் இருவர் அவன் கைகளைப் பற்றிக்கொள்ள, அவன் நீரில் காலை வைத்தான். சட்டென்று திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

“செருப்புகளை யார் பார்த்துக்கொள்வது, ஹஜ்ரத்?”

“நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ” என்றேன்.