‘இழுப்பு’ என்றொரு சொல்

பண்டைக் கடாரத்தின் எச்சங்கள் மண்ணுள் உறங்கும் புஜாங் பள்ளத்தாக்கிற்கு அண்மையில், செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 2001ஆம் ஆண்டில் தோற்றங்கண்ட அந்நிறுவனத்தின் மருத்துவ மாணவர்கள், சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையில் நோயாளிகளிடம் பாடம் பயில்கின்றனர். நூல்களை ஆங்கிலத்தில் கற்றவர்கள் அவர்கள். மருத்துவமனையில் மலாயில் உரையாடுபவர்கள். பாடாங் செராயிலிருந்தோ கூலிமிலிருந்தோ பேரனை மடியில் ஏந்தி வரும் மூதாட்டிக்குத் தோட்டத்துத் தமிழே மொழி. “ராத்திரி பூரா புள்ளைக்கு இழுப்பு, தம்பி” என்கிறாள். மாணவன் கற்ற எந்த நூலிலும் அச்சொல் இல்லை.

இல்லை என்பது மட்டுமன்று. அச்சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஈளை இழுப்பும் இழுப்புத்தான். சன்னி இழுப்பும் இழுப்புத்தான். முன்னது மூச்சுத் திணறல், பின்னது வலிப்பு. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் முதல் ஒரு மணி நேரம் வீணாகும். குழந்தை மருத்துவத்தில் அந்த ஒரு மணி நேரம் சிறிதன்று.

மூச்சு என்று தெரிந்தால், சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தை அழாதிருக்கும் வேளையில், ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுதல் வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது சோம்பேறியின் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பின்படி, இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60, ஓராண்டு நிறையாத குழந்தைக்கு 50, அதற்குமேல் ஐந்து வயது வரை 40. மூச்சு இந்த எண்ணிக்கையை எட்டினாலே அது வேகமூச்சு. மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவின் கீழ்ப்புறம் குழிந்தால் நிலைமை கடுமையானது. இவ்வளவையும் காணக் கைக்கடிகாரமும் பொறுமையும் போதும்.

வலிப்பாயின் வழி வேறு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, கடுங்காய்ச்சலில் வரும் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும். குழந்தையின் கையில் இரும்புச் சாவியை வைக்கும் பாட்டியைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. சாவி யாரையும் கொன்றதில்லை. பல்லிடுக்கில் கரண்டியைத் திணிப்பதைத்தான் தடுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளல் நன்று. ஐந்து நிமிடத்தைக் கடந்தாலும், அடங்கிய பின் நினைவு தெளியாவிட்டாலும், கழுத்து விறைத்திருந்தாலும் மூளையுறைக் காய்ச்சல் முதலியவற்றை ஐயுற வேண்டும்.

‘மாந்தம்’, ‘குடலேற்றம்’ என்னும் சொற்களும் இத்தகையனவே. அவற்றின் பின்னே பெரும்பாலும் வாந்தியும் பேதியும் ஒளிந்திருக்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்ல மீள்கிறதா, கண் குழிந்துள்ளதா, நீரைக் கண்டதும் ஆவலாய்க் குடிக்கிறதா, அன்றிக் குடிக்கவும் வலுவின்றிச் சோர்ந்துள்ளதா என்று நோக்குதல் வேண்டும். பால்வெட்டுக்குச் செல்லும் தாயார் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்ற காலத்தில், ஒரு பிள்ளைக்குப் பேதி கண்டால் அடுத்த பிள்ளைக்கும் காண்பது இயல்பு. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்கான் முகாமில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கரைத்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த வாந்திபேதிச் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியைப் புகட்டும் பாட்டி அவ்வுண்மைக்கு மிகத் தொலைவில் நிற்பவளல்லள்.

‘அம்மை’ என்ற சொல்லோ பல நோய்களுக்குப் பொது. இருமலும் கண்சிவப்பும் முந்த, சில நாள் கழித்து முகத்தில் தொடங்கி உடலெங்கும் இறங்குவது தட்டம்மை. நீர்க்கொப்புளங்கள் தவணை தவணையாய் எழுவது சின்னம்மை. வேப்பிலையால் தீங்கில்லை, உணவை நிறுத்துவதாலும் மருத்துவரிடம் காட்ட மறுப்பதாலும்தான் தீங்கு.

“காய்ச்சல் விட்டுருச்சு” என்பது இவற்றுள் மிகக் கொடிய சொல். டெங்கியில் காய்ச்சல் தணியும் நாளே ஆபத்து நாள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, சோர்வு ஆகியவற்றைக் கேட்டறியாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாகாது.

தோட்டத்து டிரசருக்கு இச்சொற்கள் தெரிந்திருந்தன. அவரும் லயத்துக்கு அருகிலேயே குடியிருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தபோது, சொற்களும் அவர்களுடன் பெயர்ந்தன. டிரசர் உடன் செல்லவில்லை.

அம்மாணவன் அறிவாளியாயின் அகராதியைத் தேடான். “எப்படி இழுத்துச்சு பாட்டி? செஞ்சு காட்டுங்க” என்பான். மூதாட்டி பேரனை மகளிடம் கொடுத்துவிட்டு, வாயைத் திறந்து, தோளை உயர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்துக் காட்டுவாள். மாணவன் குழந்தையின் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்குவான்.