எது பண்டிகைப் படம்?

அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் டிசம்பர் பிறந்ததும் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்துவிடுகிறது. அதற்கு நீதிமன்றம் தேவையில்லை. நான்கு நண்பர்களும் ஒரு காப்பி மேசையும் போதும். 1988ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த 'டை ஹார்ட்' என்னும் துப்பாக்கிச் சண்டைப் படம் கிறிஸ்துமஸ் படமா, அன்றா? இதுவே வழக்கு. ஆம் என்போர் ஒருபுறம், இல்லை என்போர் மறுபுறம். பத்திரிகைகள் தலையங்கம் தீட்டுகின்றன. குடும்பங்களில் அண்ணனும் தம்பியும் முகம் திருப்பிக் கொள்கின்றனர். படத்தின் நாயகர் புரூஸ் வில்லிஸே 2018ஆம் ஆண்டு ஒரு கேலி விருந்து மேடையில் எழுந்து நின்று, இது கிறிஸ்துமஸ் படமே அன்று எனத் தீர்ப்புக் கூறினார். அப்படியும் வழக்கு முடிந்தபாடில்லை. கதை வசனம் எழுதியவர்களுள் ஒருவரான ஸ்டீவன் டி சூசா அதற்கு முன்பே எதிர்த் தரப்பில் சாட்சி சொல்லியிருந்தார்.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவனுக்கு இந்த வழக்கில் என்ன அக்கறை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். என் கல்லூரித் தோழர்கள் இருவர் இதன் பொருட்டு ஒரு மாலை முழுவதும் மல்லுக்கு நின்றனர். அது வெறும் சினிமாச் சண்டையாக இருந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜான் மெக்ளேன் நியூயார்க் நகரத்துக் காவல்துறைத் துப்பறிவாளன். அவன் மனைவி ஹாலி, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் உயர்ந்த பதவி கிடைத்துப் பிள்ளைகளுடன் அங்கே குடிபெயர்ந்துவிட்டாள். அவன் உடன் செல்லவில்லை. மாதங்கள் உருண்டன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பிள்ளைகளுக்காக ஒரு பெரிய கரடிப் பொம்மையைச் சுமந்துகொண்டு அவன் விமானம் ஏறி வருகிறான். மனைவியின் அலுவலகம் நகடோமி பிளாசா என்னும் வானளாவிய கட்டடம். (படத்திற்காகப் பயன்பட்டது அந்நகரிலுள்ள ஃபாக்ஸ் பிளாசா என்னும் உண்மைக் கட்டடம்.) அங்கே பண்டிகை விருந்து நடக்கிறது. வாசலில் பெயர்ப் பட்டியலில் தேடுகிறான். மனைவி தன் பெயரோடு அவன் பெயரைச் சேர்க்காமல் பிறந்த வீட்டுப் பெயரையே கொடுத்திருக்கிறாள். அது அவன் நெஞ்சில் தைக்கிறது. இருவருக்கும் வாக்குவாதம். அதே நேரத்தில் ஹான்ஸ் க்ரூபர் என்பவன் தலைமையில் ஆயுதக் கும்பலொன்று கட்டடத்தைக் கைப்பற்றுகிறது. கொள்கைக்காகப் போராடுவோர் போல் அவர்கள் வேடமிட்டாலும் வேண்டியதெல்லாம் பெட்டகத்திலுள்ள 64 கோடி டாலர் பெறுமானமுள்ள கடன் பத்திரங்களே. காலணிகூட இல்லாமல், உடைந்த கண்ணாடிச் சில்லுகளின்மேல் இரத்தம் சொட்ட நடந்து, மெக்ளேன் ஒருவனாக அவர்களை எதிர்க்கிறான். க்ரூபராக நடித்த ஆலன் ரிக்மனுக்கு இதுவே முதல் திரைப்படம். நாடக மேடையிலிருந்து வந்தவர். படத்தின் பாதி உயிர் அவர் குரலில் இருக்கிறது.

இனி நண்பர்களிடம் வருவோம். ஒருவர் பாளையங்கோட்டையில் ஆங்கிலப் பேராசிரியர். ஆலயப் பாடகர் குழுவில் இருபதாண்டுகளாகப் பாடி வருபவர். மற்றவர் தம்மாமில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு 2021இல் ஊர் திரும்பிய நம் சகோதரர். பெருநாளன்று பேராசிரியர் குடும்பம் எங்கள் வீட்டிற்கு வரும். டிசம்பரில் நாங்கள் அங்கே செல்வோம். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் தட்டில் வரும். சென்ற டிசம்பரில் பண்டிகைக்கு நான்கு நாள் முன்னதாக நாங்கள் அமர்ந்திருந்தபோது, அமெரிக்காவில் வேலை பார்க்கும் பேராசிரியரின் மகள் தொலைபேசியில் பேசினாள். தன் அலுவலகத்தில் இந்த வழக்கு நடப்பதாகவும், அப்பாவின் வாக்கு எந்தப் பக்கம் என்றும் கேட்டாள். பேராசிரியர் கணமும் தயங்காமல், "கிறிஸ்துமஸ் படமா? அபத்தம்!" என்றார்.

"ஏன் அபத்தம்?" என்று தம்மாம் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொடங்கிவிட்டது.

பேராசிரியர் முதலில் எடுத்த ஆயுதம் வெளியீட்டுத் தேதி. ஜூலை மாதத்துக் கோடையில் வெளியிட்டவர்களுக்கே அது பண்டிகைப் படம் என்ற எண்ணம் இருந்ததில்லை என்றார். இந்த வாதம் நிற்காது. கிறிஸ்துமஸ் தாத்தாவையே கதாபாத்திரமாகக் கொண்ட 'மிராகிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' என்ற படமும் 1947ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கோடையில்தான் வெளிவந்தது. கோடையில்தான் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்ட நிறுவனம், பண்டிகைக் கதை என்பதை விளம்பரத்தில் மறைத்தே வைத்தது. இன்று அதைக் கிறிஸ்துமஸ் படம் அன்று என்று எவரும் சொல்வதில்லை. நம் பக்கத்தில் தீபாவளிப் படம், பொங்கல் படம் என்று சொல்வது வெளியாகும் நாளை வைத்து; கதைக்கும் பண்டிகைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அமெரிக்கர்கள் கேட்பது அதுவன்று. கதைக்குள் பண்டிகை இருக்கிறதா என்பதே அவர்கள் கேள்வி.

கதைக்குள் இருக்கத்தான் செய்கிறது. அது வெறும் தோரணமாகவும் இல்லை. பண்டிகை விடுமுறையால்தான் கட்டடத்தின் மற்ற தளங்கள் காலியாகக் கிடக்கின்றன. விருந்தால்தான் பணயக் கைதிகள் ஒரே இடத்தில் அகப்படுகின்றனர். கணவன் வந்ததே பண்டிகைக்காக. இறுதியில் அவன் முதுகில் துப்பாக்கியை ஒளித்து ஒட்டுவது கிறிஸ்துமஸ் பொட்டலங்களுக்குரிய ஒட்டுநாடாவால்தான். 1987இல் வந்த 'லெதல் வெப்பன்' என்ற சண்டைப் படமும் கிறிஸ்துமஸ் காலத்தில் நடப்பதே. ஆயினும் அதில் பண்டிகையை உருவி எடுத்தாலும் கதை ஏறத்தாழ நின்றுவிடும். 'டை ஹார்ட்' கதையோ ஒரு பக்கம் சரியும். இதை நான் சொன்னபோது பேராசிரியர் என்னை முறைத்தார்.

அவர் அடுத்துச் சொன்னதற்கு என்னிடம் விடை இல்லை. படத்தில் பவல் என்றொரு காவலர் வருகிறார். கட்டடத்திற்கு வெளியே நின்று வானொலிக் கருவி வழியாக மெக்ளேனுக்கு ஆறுதலாகப் பேசுபவர். இருட்டில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த ஒரு சிறுவனை ஒருமுறை தவறுதலாகச் சுட்டுக் கொன்றுவிட்டவர். அது முதல் எவர் மீதும் துப்பாக்கியை உயர்த்த அவரால் முடியவில்லை. படத்தின் கடைசியில், செத்துவிட்டான் என்று கருதப்பட்ட கொள்ளையன் எழுந்து வருகையில் பவல் சுடுகிறார்; கை நடுங்கவில்லை. இசை உயர்கிறது, அவர் குணமடைந்துவிட்டார் என்று நாம் மகிழ வேண்டும்.

"ஒரு பிள்ளையைக் கொன்ற மனிதனுக்கு மறுபடி கொல்ல வருகிறது, அதற்குப் பெயர் குணமா?" என்றார் பேராசிரியர். "பூமியிலே சமாதானம் என்று பாடும் இரவிலா? மரமும் விளக்கும் தொப்பியும் எடுத்துக் கொண்டார்கள். பிறந்த பாலகனை மட்டும் விட்டுவிட்டார்கள். என் பண்டிகை இவர்களுக்குப் பின்திரையாகிவிட்டது. நாளை உன் பெருநாளையும் இப்படிச் செய்வார்கள். அப்போது உனக்குப் புரியும்."

அறையில் சற்று நேரம் பேச்சில்லை. ஈஸா நபி (அலை) அவர்களை நாம் அறிந்திருக்கும் முறை வேறு, அவர் அறிந்திருக்கும் முறை வேறு. ஆனால் தான் மதிக்கும் ஒன்று அலங்காரப் பொருளாவதைக் காணும் மனிதனின் வலியை விளங்கிக்கொள்ள அந்த வேறுபாடு எனக்குத் தடையாக இருக்கவில்லை.

தம்மாம் நண்பர் மெதுவாகப் பேசினார். "நான் அந்தப் படத்தை எப்போது பார்த்தேன் தெரியுமா? 2004ஆம் வருடம் நோன்புப் பெருநாளன்று. விடியலில் தொழுதாயிற்று. ஊருக்குத் தொலைபேசி பேசியாயிற்று. சாப்பிட்டாயிற்று. காலை பத்து மணி. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஓர் அறையில் எட்டுப் பேர். ஒருவன் குறுந்தகட்டைப் போட்டான். சுடுவதையும் வெடிப்பதையும் மற்றவர்கள் பார்த்தார்கள். நான் அந்தக் கரடிப் பொம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானத்தில் அதற்கும் ஓர் இடம் பிடித்துக்கொண்டு வருகிறான் பார், அதைப் பார்த்தேன்."

பதினெட்டு ஆண்டுகளில் அவர் ஊரில் கழித்த பெருநாள்கள் நான்கு. மூன்று வயது மகள் முதல் விடுப்பில் அவரைக் கண்டு அழுது, வாப்பிச்சியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை அவர் அன்று சொல்லவில்லை.

"பண்டிகைக்கு வீட்டுக்கு வரப் பார்க்கிறான் ஒருவன், முப்பது மாடிக் கட்டடமும் துப்பாக்கியும் குறுக்கே வருகின்றன. எனக்குத் தெரிந்த பண்டிகைப் படம் இதுதான். அன்றைக்கு அந்த அறையில் அது எங்கள் பெருநாள் படம்" என்றார்.

"உன் தனிமை உண்மை. அதற்காக என் பண்டிகையின் பெயரை அதற்குக் கொடுக்க முடியாது" என்றார் பேராசிரியர். குரலில் சூடு குறையவில்லை.

அப்போது பலகாரத் தட்டை மாற்ற வந்த பேராசிரியரின் துணைவியார் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். "அந்தக் கடிகாரத்தை மறந்துவிட்டீர்களே அண்ணே! அந்தப் பெண் உழைத்ததற்கு அலுவலகம் கொடுத்த கடிகாரம் அது. கடைசியில் அதைக் கழற்றி எறிந்தால்தான் அவள் பிழைக்க முடிகிறது."

உண்மைதான். சன்னலுக்கு வெளியே தொங்கும் க்ரூபர் ஹாலியின் மணிக்கட்டைப் பற்றியிருக்கிறான். கடிகாரத்தின் கொக்கியை மெக்ளேன் அவிழ்க்க, அவன் கீழே விழுகிறான். அதன்பின் அவள் தன்னைக் கணவன் பெயரோடு அறிமுகம் செய்துகொள்கிறாள். குடும்பம் ஒன்று சேர்ந்தது. விலை கொடுத்தவள் அவள். மார்க்க வழக்கில் திருமணத்தால் பெண்ணின் தந்தை பெயர் மாறுவதில்லை. ஆகவே அந்தப் பெயர்ப் பட்டியலைக் கண்டு மெக்ளேன் ஏன் அவ்வளவு நொந்துகொண்டான் என்பது எனக்கு என்றுமே முழுதாகப் புரிந்ததில்லை. மூன்று ஆடவர் ஒரு மாலை முழுக்க வாதிட்டும் கடிகாரம் எங்கள் கண்ணில் படவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

பேராசிரியர் ராடரிக் தார்ப் என்பவர் 1979இல் எழுதிய மூல நாவலைப் படித்தவர். அதில் வருபவன் கணவன் அல்லன். வயதான தந்தை, மகளைக் காண வருகிறார். நாவலில் அந்த மகள் பிழைப்பதில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. மகள் ஆறாண்டுகளாகக் கிறிஸ்துமஸுக்கு ஊர் வரவில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

என் கருத்தை இருவரும் கேட்டனர். நாங்கள் ஓதிக் கொடுக்கும் பாடங்களில் 'உர்ஃபு' என்றொரு சொல் உண்டு. மக்களிடையே நிலைபெற்ற வழக்கு என்பது அதன் பொருள். ஒரு சொல்லின் பொருளை முடிவு செய்கையில் அதற்கும் இடம் உண்டு. ஃபிராங்க் காப்ரா இயக்கி 1946இல் வெளிவந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' இன்று கிறிஸ்துமஸ் படங்களுக்கெல்லாம் தலைமை தாங்குகிறது. வெளிவந்தபோது அது போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974இல் உரிமையாளர்கள் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறினர். செலவில்லாமல் கிடைக்கிறதே என்று தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர்தோறும் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. மக்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தனர். ஓர் எழுத்தரின் மறதி அந்தப் படத்தைப் பண்டிகையாக்கிவிட்டது என்றே சொல்லலாம். 'டை ஹார்ட்' இயக்குநர் ஜான் மெக்டியர்னனும் 2020இல், கிறிஸ்துமஸ் படமாக இருக்க வேண்டும் என்று தாம் எடுக்கவில்லை, பார்த்தவர்களின் மகிழ்ச்சியே அதை அப்படி ஆக்கியது என்ற பொருள்படப் பேசினார். நிய்யத் இல்லாமலே வழக்கால் வந்த பெயர். எனவே அமெரிக்கர்களின் வழக்கில் அது கிறிஸ்துமஸ் படம்தான் என்றேன். பவலின் துப்பாக்கியைப் பற்றி என்ன சொல்கிறாய் என்றார் பேராசிரியர். அதில் நீ சொன்னதுதான் சரி, வழக்கு அதைத் திருத்தாது என்றேன். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சேர்க்க எனக்குத் தெரியாது.

புறப்படும்போது தம்மாம் நண்பர் காலணியை மாட்டிக்கொண்டே, கல்லூரியில் படிக்கும் தம் மகள் அந்தப் படத்தை வாப்பாவோடு பார்க்க வேண்டும் என்று கேட்டிருப்பதாகச் சொன்னார். "இருபத்து நான்காம் தேதி இரவு பார்க்கிறோம். நீயும் வாயேன்."

"அன்று இரவு எனக்கு ஆராதனை இருக்கிறது" என்றார் பேராசிரியர். பிறகு, "இருபத்தாறு என்றால் வருவேன்" என்றார்.

உள்ளேயிருந்து அவர் துணைவியார், மகளுக்கு என்று ஒரு டப்பாவில் முந்திரிக்கொத்து கட்டிக்கொண்டு வந்தார். தேதியை இருபத்தாறுக்கு மாற்றிவிட்டார்கள்.